கொரிய மொழியில் மனசில் பட்டதைச் சொல்வது எப்படி? ‘சொல்ச்சிக்கி’ பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

கொரியத் தொடர்களை மூல ஒலியோடு பார்ப்பவர்களின் காதில் இந்தச் சொல் கட்டாயம் விழுந்திருக்கும். இரண்டு தோழிகள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி சட்டென்று நிமிர்ந்து, ‘சொல்ச்சிக்கி...’ என்று இழுப்பாள். அடுத்து ஏதோ சங்கடமான உண்மை வெளியே வரப்போகிறது என்று கொரியம் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். ‘உண்மையைச் சொல்லணும்னா’, ‘மனசுல பட்டதைச் சொல்றேனே’ என்று நாம் பேச்சைத் தொடங்குகிற இடத்தில் கொரியர்கள் போடுகிற வினையடை இது.

இதை மனப்பாடம் செய்ய ஒரு நிமிஷம் போதும். ஆனால் இதைப் போட்ட பிறகு வாக்கியத்தை எப்படி முடிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘சொல்ச்சிக்கி’ கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே போகிற கருத்து மரியாதையாகப் போகிறதா, முகத்தில் அடிக்கிறதா என்பதை வினைமுற்றுதான் தீர்மானிக்கிறது. இந்த விஷயத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் மொழியிலும் வினை கடைசியில்தான் வருகிறது. ‘மாதிரி இருக்கு’, ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா’ போன்ற வால்களும் நம் பேச்சில் அங்கேதான் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாமல் தமிழிலிருந்து நேராகக் கொரியத்துக்குப் போவோம்.

முதல் படி: உச்சரிப்பு

எழுத்துப்படி பார்த்தால் இது ‘சொல் - ஜிக் - ஹி’ என்று மூன்று அசை. ஆனால் யாரும் அப்படிப் பிரித்துச் சொல்வதில்லை. ‘ல்’ ஒலிக்குப் பின்னால் வரும் ‘ஜி’ இறுகி ‘ச்சி’ ஆகிறது. அதற்கடுத்த ‘க்’, பின்னால் வரும் ‘ஹி’யோடு கலந்து மூச்சுவிட்டுச் சொல்கிற ‘க்கி’ ஆகிறது. ஆக, ‘சொல்ச்சிக்கி’. முதல் அசை நம்முடைய ‘சொல்’ போலவே ஒலிக்கும். தற்செயலான ஒற்றுமைதான், ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.

இந்தக் கட்டுரையில் கொரிய வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில்தான் தந்திருக்கிறேன். எனவே ஒரு குறிப்பு. கொரியத்தில் இரண்டு வகை உகரம் இருக்கிறது. ஒன்று உதட்டைக் குவிக்காமல் சொல்வது. ‘பாட்டு’, ‘ஆறு’ என்ற சொற்களின் கடைசியில் நாம் சொல்கிற குற்றியலுகரம் அப்படியே அதுதான். இங்கிலீஷ் வழியாகக் கொரியம் கற்பவர்கள் இந்த ஒலிக்கு மாதக்கணக்கில் திணறுவார்கள். நமக்கு அது பிறவியிலேயே இருக்கிறது. அதை இங்கே குறில் உகரமாக எழுதுகிறேன். உதட்டைக் குவித்துச் சொல்லும் மற்றதை ‘ஊ’ என்று எழுதுகிறேன்; ஆனால் சொல்லும்போது ரொம்ப நீட்ட வேண்டாம். ஒகரத்திலும் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ‘ஒ’ என்றே எழுதியிருக்கிறேன். வித்தியாசத்தைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

கையால் எழுதும்போதும் கவனம் வேண்டும். பேச்சில் கேட்கிறபடியே இறுகிய எழுத்தைப் போட்டு எழுதுவது கொரியர்களே செய்கிற பிழை. கடைசி அசையை ‘ஹி’ என்று எழுதுவதா ‘இ’ என்று எழுதுவதா என்பதிலும் அவர்களுக்கே குழப்பம் வரும். கொரிய எழுத்துமுறை விதிகளில் இதற்கென்றே 51-வது விதி இருக்கிறது. அதில் ‘ஹி’ போட்டு எழுத வேண்டிய சொற்களுக்கான எடுத்துக்காட்டுகளில் நம் சொல்லும் இடம்பெற்றிருக்கிறது.

இரண்டாம் படி: குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘சொல்ச்சிக்காதா’ என்பது அடிப்படைச் சொல். ‘ஒளிவுமறைவு இல்லாமல் இரு’ என்று பொருள். சீன எழுத்துகளிலிருந்து வந்த சொல். அதில் இரண்டாவது எழுத்துக்கு ‘நேர்’ என்று அர்த்தம். இதிலிருந்து மூன்று வடிவங்கள் கிளைக்கின்றன.

‘சொல்ச்சிக்கான் சாராம்’ என்றால் மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைப் பேசாத ஆள். ‘சொல்ச்சிக்காகெ’ என்றால் ‘ஒளிக்காமல்’. இது செயல் எப்படி நடக்கிறது என்பதைக் காட்டும்: ‘சொல்ச்சிக்காகெ மல்ஹெ ஜூசேயோ’, ‘மறைக்காமச் சொல்லுங்க’. மூன்றாவது நம்முடைய ‘சொல்ச்சிக்கி’. இதை வினைக்கு முன்னாலும் போடலாம், முழு வாக்கியத்துக்கும் தலைப்பாகவும் வைக்கலாம். இந்த இரண்டாவது வேலைக்கு ‘சொல்ச்சிக்காகெ’ பொருந்தாது. ‘எனக்கு இந்தப் படம் பிடிக்கலை’ என்பதற்கு முன்னால் ‘சொல்ச்சிக்கி’ வரும். ‘சொல்ச்சிக்காகெ’ போட்டால் பிடிக்காமல் போனதே ஒளிக்காமல் நடந்தது என்பதுபோல் ஒலிக்கும்.

இன்னொரு சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘ஜொங்ஜிக்’ என்பது நேர்மை: பொய் சொல்லாமல், ஏமாற்றாமல் இருப்பது. கடைக்காரர் சரியான எடை போடுவது ‘ஜொங்ஜிக்’. அதே கடைக்காரர் ‘இன்னிக்கு மீன் அவ்வளவு ஃப்ரெஷ் இல்லை, நாளைக்கு வாங்க’ என்று தானாகச் சொன்னால் அது ‘சொல்ச்சிக்’.

மூன்றாம் படி: எந்த வாக்கியத்தில் உட்காரும், எதில் உட்காராது

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பாடப்புத்தகங்களில் இதற்கு ‘உண்மையாக’, ‘நேர்மையாக’ என்று ஒரு வரிப் பொருள் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை நம்பி ‘உண்மையாக’ என்று நாம் சொல்கிற எல்லா இடத்திலும் இதைச் செருகினால் வம்பு.

சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்லும்போதுதான் ‘சொல்ச்சிக்கி’ வரும். ஒரு அபிப்பிராயம், ஒரு உணர்ச்சி, ஒரு ஒப்புதல். மனசுக்குள் இருந்தது, வெளியே சொல்லத் தயக்கம் இருந்தது, இப்போது சொல்கிறேன்: இந்த மூன்றும் இருக்க வேண்டும்.

‘சொல்ச்சிக்கி பூரொவொயோ’. உண்மையைச் சொன்னா எனக்குப் பொறாமையா இருக்கு. ஒப்புதல், பொருந்துகிறது.

‘சொல்ச்சிக்கி ஜல் மொருகெஸ்ஸொயோ’. உண்மையைச் சொன்னா எனக்குச் சரியாத் தெரியலை. தெரியாது என்று ஒத்துக்கொள்வதும் ஒரு தயக்கம்தான். ரொம்பப் பொருத்தம், ரொம்பப் புழக்கம். முதலில் ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

‘சொல்ச்சிக்கி கிதே அன் ஹென்னுந்தே ஜின்ச்சா மஷிஸ்ஸொயோ’. உண்மையைச் சொன்னா எதிர்பார்க்கவே இல்லை, ஆனா செம ருசி. பாராட்டுதான், ஆனால் உள்ளே ஒரு ஒப்புதல் இருக்கிறது: எதிர்பார்ப்பு இல்லாமல் வந்தேன் என்பது. அதனால் பொருந்துகிறது.

இப்போது பொருந்தாதவை. ‘மனமார்ந்த நன்றி’ என்று சொல்ல ‘சொல்ச்சிக்கி கம்சாஹம்னிதா’ என்றால் கொரியருக்குப் புருவம் உயரும். இதுவரை நன்றி சொல்ல மனசில்லாமல் இருந்து இப்போது ஒத்துக்கொள்கிறாரா என்று தோன்றும். அங்கே வர வேண்டியது ‘ஜின்ஷிமுரொ’: மெய்யான மனசோடு. ‘ஜின்ஷிமுரொ கம்சாஹம்னிதா.’ வாழ்த்துக்கும் அதுதான்: ‘ஜின்ஷிமுரொ ச்சூக்காஹெயோ.’ மன்னிப்புக்கும், காதலுக்கும்கூட அதுவே.

வெறும் தகவலுக்கும் ‘சொல்ச்சிக்கி’ பொருந்தாது. அங்கே ‘சாஷில்’ வரும். ‘உள்ளதைச் சொன்னா’, ‘விஷயம் என்னன்னா’ என்பதுபோல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கல்யாணப் பேச்சில் பாருங்கள். ‘சாஷில் ஜொ கியொல்ஹொன்ஹெஸ்ஸொயோ’ என்றால் ‘விஷயம் என்னன்னா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு’. எதிரில் இருப்பவருக்குத் தெரியாத தகவல். ‘சொல்ச்சிக்கி கியொல்ஹொன்ஹகி ஷிரொயோ’ என்றால் ‘உண்மையைச் சொன்னா எனக்குக் கல்யாணம் பண்ணிக்கவே பிடிக்கலை’. மனசில் இருப்பது. இரண்டும் உரசிக்கொள்கிற இடங்கள் உண்டு, அங்கே எதைப் போட்டாலும் தப்பில்லை. ஆனால் தொடக்கத்தில் ‘தகவலுக்கு சாஷில், மனசுக்கு சொல்ச்சிக்கி’ என்று வைத்துக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் தப்பாது.

‘ஜின்ச்சா’, ‘ஜொங்மல்’ இரண்டும் வேறு சாதி. அவை ‘நெஜமாவே’, ‘ரொம்ப’ என்று அழுத்தம் கொடுப்பவை. ‘சொல்ச்சிக்கி ஜின்ச்சா...’ என்று சேர்ந்தும் வரும், மேலே ருசி வாக்கியத்தில் வந்த மாதிரி.

நான்காம் படி: எங்கே வைப்பது

இதில் பெரிதாக எதுவும் இல்லை. தமிழில் ‘உண்மையைச் சொன்னா’ எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் இதுவும் போகும். வாக்கியத்தின் தலையில் வைக்கலாம். ‘நான்’ என்பதற்குப் பின்னால் வைக்கலாம்: ‘ஜொனுன் சொல்ச்சிக்கி இ செகி தொ ஜொஆயோ’, ‘எனக்கு உண்மையைச் சொன்னா இந்தக் கலர்தான் பிடிச்சிருக்கு’. பேச்சில் கடைசியிலும் தொங்கவிடலாம்: ‘பியொல்லொயொஸ்ஸொ, சொல்ச்சிக்கி’, ‘சுமார்தான், உண்மையைச் சொன்னா’.

தனியாக வராமல் ‘சொல்’ என்ற வினையோடு சேர்ந்தும் வரும். ‘சொல்ச்சிக்கி மல்ஹெஸொ’ என்பது அதிகம் காதில் விழுவது. ‘சொல்ச்சிக்கி மல்ஹாமியொன்’ என்பது நம் ‘உண்மையைச் சொன்னா’. ‘சொல்ச்சிக்கி மல்ஹாஜாமியொன்’ என்பது ‘உண்மையைச் சொல்லணும்னா’. தனிச் சொல்லை விட இவை ஒரு மூச்சு நீளம். அந்த ஒரு மூச்சில் எதிராளி தன்னைத் தயார்செய்துகொள்கிறார். பேச்சு கொஞ்சம் கனமாக இருந்தால் நீளமானதைப் பயன்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: வாக்கியத்தின் வால்

முழு வழிகாட்டியிலும் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

சியோலில் ஷின்தாங்-தொங் என்ற பகுதி தொக்பொக்கிக்குப் பேர்போனது. அரிசி மாவுத் துண்டுகளைக் காரமான சிவப்புக் குழம்பில் வேகவைத்துத் தருவார்கள். அங்கே உங்களைக் கூட்டிப்போன கொரிய நண்பர், ‘ஒத்தேயோ?’ (எப்படி இருக்கு?) என்று கேட்கிறார். உங்களுக்குக் காரம் தாங்கவில்லை. என்ன சொல்வீர்கள்?

‘சொல்ச்சிக்கி மேவொயோ.’ உண்மையைச் சொன்னா காரம். இலக்கணப்படி சரி. ஆனால் மொட்டையாக இருக்கிறது.

‘சொல்ச்சிக்கி ஜொம் மேவொயோ.’ உண்மையைச் சொன்னா கொஞ்சம் காரம். ‘ஜொம்’ என்றால் கொஞ்சம். அளவைக் குறைக்க வந்த சொல் இல்லை இது. நாக்கு எரிந்தாலும் ‘ஜொம்’தான். ‘கொஞ்சம் நகருங்களேன்’ என்று நாம் சொல்கிற ‘கொஞ்சம்’ மாதிரி, பேச்சை மெதுவாக்குவதற்காக வருவது. கருத்துச் சொல்லும்போது இதை விடவே விடாதீர்கள்.

‘சொல்ச்சிக்கி ஜொம் மேஊன் கொத் கத்தாயோ.’ உண்மையைச் சொன்னா கொஞ்சம் காரமா இருக்கற மாதிரி இருக்கு. ‘கொத் கத்தாயோ’ என்பது நம் ‘மாதிரி இருக்கு’வேதான். ‘மேஊன்’ என்பது பெயரெச்சம், ‘கொத்’ என்றால் ‘விஷயம்’, ‘கத்தாயோ’ என்றால் ‘ஒத்திருக்கு’. தமிழிலும் கொரியத்திலும் அதே வரிசை, அதே வேலை. சாப்பிட்டுக்கொண்டிருப்பது நாமேதான், காரமும் நம் நாக்கில்தான், இருந்தாலும் ‘மாதிரி இருக்கு’ என்கிறோம். தீர்ப்பு சொல்லாமல் தோன்றியதைச் சொல்கிற தொனி அது. கொரியர்கள் தங்கள் சொந்த உணர்ச்சிக்கே இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதாக அங்கே மொழி ஆசிரியர்கள் குறைசொல்வது உண்டு. ஆனாலும் தெருவில் எல்லோரும் பேசுவது இப்படித்தான். கற்றுக்கொள்கிற நாம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

‘சொல்ச்சிக்கி மஷித்கின் ஹந்தே, ஜொம் மேவொயோ.’ நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் காரம். ‘கின் ஹந்தே’ என்பது நம் ‘தான்... ஆனா’. முதல் பாதியில் ஒரு நல்லதை ஒத்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் குறையைச் சொல்கிறோம். அதைவிட நுட்பம், இரண்டாம் பாதியைச் சொல்லாமலே விடுவது. ‘மஷித்கின் ஹந்தே...’ என்று இழுத்து நிறுத்திவிட்டால் போதும். ‘நல்லாத்தான் இருக்கு...’ என்று மாமியார் இழுத்தால் மருமகளுக்கு என்ன புரியுமோ அது அங்கேயும் புரியும்.

இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காரம் அதே காரம்தான், ‘சொல்ச்சிக்கி’யும் அதே ‘சொல்ச்சிக்கி’தான். கூட்டிப்போனவரின் மனம் எவ்வளவு நோகும் என்பது மட்டும் மாறுகிறது.

இன்னும் சில வால்கள். ‘பியொல்லொ’ என்பது நம் ‘அவ்வளவா’. எதிர்மறையோடு வரும்: ‘பியொல்லொ அன் ஜொஆஹெயோ’, ‘அவ்வளவா பிடிக்காது’. எதிர்மறை இல்லாமல் ‘பியொல்லொயேயோ’ என்று தனியாகவும் முடியும். அப்போது ‘ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்லை’ என்று பொருள். கடைக்காரர் முன்னால் இதைச் சொல்லாதீர்கள்.

கூட்டத்தில் ஒருவர் திட்டம் ஒன்றை முன்வைக்கிறார், உங்களுக்கு அது சரியாகப் படவில்லை. ‘தப்பு’ என்று சொல்லத் தேவையில்லை. ‘சொல்ச்சிக்கி இகொன் ஜொம் அனின் கொத் கத்தாயோ.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘இது கொஞ்சம் இல்லை மாதிரி இருக்கு’. எது இல்லை என்று சொல்வதே இல்லை. நாம் ‘இது எனக்கு என்னமோ சரியாப் படலை’ என்று சொல்கிற இடம். வெளியூர்க்காரர் வாயில் இந்த ஒரு வாக்கியம் வந்துவிட்டால் ‘அட, நம்மாளு மாதிரிப் பேசறாரே’ என்ற பார்வை கிடைக்கும்.

கருத்தை உங்கள் தலையில் மட்டும் போட்டுக்கொள்ள ‘ஜே செங்ககெனுன்’ (என் எண்ணத்தில்), ‘கெயின்ஜொகுரொ’ (தனிப்பட்ட முறையில்) என்று முன்னால் சேர்க்கலாம். ஆனால் ‘தனிப்பட்ட முறையில், என் எண்ணத்தில், உண்மையைச் சொன்னா’ என்று மூன்றையும் அடுக்கினால் பட்டிமன்றப் பேச்சு ஆகிவிடும். ஒன்று போதும்.

ஆறாம் படி: எதிரில் யார்?

கொரியத்தில் வயதும் பதவியும் வினைமுற்றை மாற்றும் என்பது தெரிந்ததே. ‘நீ - நீங்க’ வித்தியாசம் நமக்கும் பழக்கம்தான். ஆனால் அங்கே இன்னொன்றும் நடக்கிறது: மரியாதை கூடக் கூட, உண்மையைச் சொல்வதற்கு முன்னால் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

நெருங்கிய தோழிகள், ஒரே வயது, துணிக்கடை:

‘இ கொத்து ஒத்தே?’ (இந்தக் கோட் எப்படி?)
‘உம்... சொல்ச்சிக்கி மல்ஹெதொ த்வே?’ (ம்ம்... உண்மையைச் சொல்லவா?)
‘உங், சொல்ச்சிக்கி மல்ஹெ.’ (ம், உண்மையையே சொல்லு.)
‘யெப்புகின் ஹந்தே, நொஹன்த்தேனுன் ஜொம் குன் கொத் கத்தா.’ (அழகாத்தான் இருக்கு, ஆனா உனக்குக் கொஞ்சம் பெரிசா இருக்கற மாதிரி இருக்குடி.)

வினைமுற்றில் ‘யோ’ இல்லை என்பதைப் பாருங்கள். ‘யோ’ போனால் மரியாதை வால் போய்விட்டது. ஆனால் ‘கின் ஹந்தே’, ‘ஜொம்’, ‘கொத் கத்தா’ மூன்றும் அப்படியே இருக்கின்றன. நெருக்கம் வந்துவிட்டது என்பதற்காக இவற்றைக் கழற்றிப்போடுவதில்லை.

இப்போது அலுவலகம். மூத்தவர் தன் விளக்கக்காட்சியைக் காட்டுகிறார். மூத்த சகாவை ‘ஸொன்பேனிம்’ என்று அழைப்பது வழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ‘நீங்கள்’ என்ற சொல்லையும் தவிர்க்க வேண்டும்.

‘ஸொன்பேனிம், சொல்ச்சிக்கி மல்ஸும்துரியொதொ த்வெல்க்காயோ?’ (மனசில் பட்டதைச் சொல்லலாமா சார்?)
‘உங், மல்ஹெ ப்வா.’ (ம், சொல்லு.)
‘நேயோங்உன் ஜொஉந்தேயோ, குல்ஷிகா ஜொம் ஜகுன் கொத் கத்தாயோ.’ (விஷயமெல்லாம் நல்லா இருக்குங்க, எழுத்துதான் கொஞ்சம் சின்னதா இருக்கற மாதிரி இருக்கு.)

‘மல்ஹெ’ என்ற சாதாரணச் ‘சொல்’ இங்கே ‘மல்ஸும்துரி’ ஆகியிருக்கிறது. தன்னைத் தாழ்த்திக்கொண்டு பெரியவரிடம் சொல்வதற்கான வினை அது. ‘விண்ணப்பித்துக்கொள்கிறேன்’ என்பதன் பேச்சு வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். ‘நான் சொன்னால்’ என்பதற்கு ‘மல்ஸும்துரிமியொன்’. இந்த வடிவம் வாயில் பழகாமல் மேலதிகாரியிடம் ‘சொல்ச்சிக்கி’யை எடுக்காதீர்கள், பேசாமல் இருப்பது மேல்.

இலங்கையிலிருந்து கொரிய அரசின் வேலை அனுமதித் திட்டத்தில் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் போக மொழித் தேர்வு எழுத வேண்டும். ஆனால் தேர்வுக்குப் படிப்பது ஒன்று, பட்டறையில் மேற்பார்வையாளர் எதிரே நிற்பது வேறு. ஒரு மெஷினைக் காட்டி ‘ஓட்டத் தெரியுமா?’ என்று கேட்கிறார். தெரியாது. பயத்தில் தலையாட்டிவிட்டால் கைக்கே ஆபத்து. அப்போது சொல்ல வேண்டியது: ‘சொல்ச்சிக்கி மல்ஸும்துரிமியொன் அஜிக் ஜல் மொத்தாம்னிதா. பேஊகெஸ்ஸும்னிதா.’ உண்மையைச் சொன்னா இன்னும் சரியாச் செய்ய வராதுங்க, கத்துக்கறேன். இங்கே ‘யோ’கூட இல்லை, ‘னிதா’ என்று முடிகிற அதிக மரியாதை நடை. இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் முதல் வாக்கியம் வெறும் கைவிரிப்பு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே வாக்கியம் கைகொடுக்கும்.

ஏழாம் படி: கேள்வியாக வரும்போது

‘சொல்ச்சிக்கி ஒத்தேயோ?’ என்று யாராவது உங்களைக் கேட்டால், பாதி நேரம் அவர் உண்மையைத்தான் கேட்கிறார், பாதி நேரம் ‘நல்லா இருக்கு’ என்று ஒரு தைரிய வார்த்தை கேட்கிறார். எது என்று கண்டுபிடிக்கத் தேவையானதைக் கொரியர்கள் ‘நூன்ச்சி’ என்பார்கள்: முகக்குறிப்பறிந்து நடந்துகொள்வது. ‘நூன்ச்சி’ இல்லாதவர் என்று பெயர் வாங்குவது அங்கே நல்லதல்ல.

‘பின்மல்’ என்றும் ஒன்று உண்டு. ஒப்புக்குச் சொல்கிற பேச்சு. தெருவில் பார்த்தவரிடம் ‘பப் ஹன்பொன் மொக்ச்சா’ (ஒரு நாள் சேர்ந்து சாப்பிடுவோம்) என்று சொல்லிவிட்டுப் போவது அதற்குச் சரியான உதாரணம். டைரியை எடுத்துத் தேதி கேட்கக் கூடாது. இப்படி ஒப்புக்குப் பேசுவது இயல்பாக இருக்கிற இடத்தில்தான் ‘சொல்ச்சிக்கி’க்கு மதிப்பு வருகிறது. ‘இது பின்மல் இல்லை’ என்று அது முத்திரை குத்துகிறது.

‘மல்ஹெ ப்வா’வோடு சேர்ந்து வந்தால் தொனி மாறும். ‘நொ, சொல்ச்சிக்கி மல்ஹெ ப்வா’ என்று ஒரு அம்மா மகனிடம் சொன்னால், ‘டேய், உண்மையைச் சொல்லு’ என்ற விசாரணை. அப்போது ‘கொத் கத்தாயோ’ எல்லாம் எடுபடாது.

எட்டாம் படி: எப்போது நிறுத்துவது

மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை ‘சொல்ச்சிக்கி’ வந்தால், ‘அப்போ மத்ததெல்லாம் பொய்யா?’ என்று கேட்கத் தோன்றும். ‘சத்தியமா, சத்தியமா’ என்று தலையில் அடித்துக்கொண்டு பேசுபவரை நாமும் நம்புவதில்லையே. ஒரு உரையாடலில் ஒரு முறை, அதுவும் முக்கியமான கருத்துக்கு. அதற்குமேல் எனக்குத் தெரிந்து தேவைப்படுவதில்லை.

தேங்காய் உடைத்த மாதிரிப் பேசுவதற்கும் அவர்களிடம் ஒரு சொல் உண்டு: ‘தொல்ஜிக்கூ’. ‘கல் போன்ற நேர்ப்பந்து’ என்று பொருள், பேஸ்பாலிலிருந்து வந்தது. ஓ சுங்-ஹ்வான் என்ற பந்துவீச்சாளரின் வேகப்பந்துக்கு அந்தப் பெயர் உண்டு. பேச்சில் ‘தொல்ஜிக்கூ’ வீசினால் சுற்றியிருப்பவர்கள் ‘ஓ!’ போடுவார்கள், வேடிக்கை நிகழ்ச்சிகளில் அதற்கு ரசிகர்கள் அதிகம். நீங்கள் டிவியில் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

இணையத்தில் ‘சொல்க்காமல்’ என்ற சுருக்கத்தைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். ‘சொல்ச்சிக்கி க்கானொக்கொ மல்ஹெஸொ’, அதாவது ‘உண்மையைப் போட்டு உடைச்சுச் சொன்னா’ என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்த கொச்சை. படித்தால் புரிந்தால் போதும். வாயால் சொல்வது நண்பர்களோடு மட்டும். கொஞ்சம் பழைய கொச்சையும்கூட.

பயிற்சி

தாளும் பேனாவும் வேண்டாம். இன்று வீட்டிலோ வேலையிடத்திலோ நீங்கள் சொல்லாமல் விழுங்கிய ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் பேச்சுத் தமிழில், வாலோடு சொல்லிப் பாருங்கள்: ‘காபி நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் இனிப்பா இருக்கற மாதிரி இருக்கு.’ அப்புறம் வரிசையைக் கலைக்காமல் ஒவ்வொரு துண்டாகக் கொரியத்துக்கு மாற்றுங்கள். ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா’ என்பது ‘மஷித்கின் ஹந்தே’. ‘கொஞ்சம்’ என்பது ‘ஜொம்’. ‘இனிப்பா இருக்கற’ என்பது ‘தன்’. ‘மாதிரி இருக்கு’ என்பது ‘கொத் கத்தாயோ’. கடைசியாகத் தலையில் ‘சொல்ச்சிக்கி’யை வையுங்கள்.

‘சொல்ச்சிக்கி மஷித்கின் ஹந்தே, ஜொம் தன் கொத் கத்தாயோ.’

‘இனிப்பு’ இருந்த இடத்தில் ‘ஜகுன்’ (சின்ன), ‘குன்’ (பெரிய), ‘பிஸ்ஸான்’ (விலை கூடின), ‘ஒரியொஊன்’ (கஷ்டமான) என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் பாதியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்: துணிக்கு ‘யெப்புகின் ஹந்தே’, புத்தகத்துக்கு ‘ஜேமிஇத்கின் ஹந்தே’ (சுவாரசியமாத்தான் இருக்கு). வாக்கியம் தடங்கல் இல்லாமல் வருகிறது என்று தோன்றினால், அதே கருத்தை ‘ஸொன்பேனிம்’ ஒருவரிடம் அனுமதி கேட்டுச் சொல்கிற மாதிரி மாற்றிச் சொல்லுங்கள். அங்கே ‘மல்ஸும்துரியொதொ த்வெல்க்காயோ’வில் நாக்கு கட்டாயம் இடறும். அந்தத் தொடரை மட்டும் தனியாக எடுத்து, ‘மல்ஸும் - துரியொதொ - த்வெல்க்காயோ’ என்று மூன்றாக உடைத்து, கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கிச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.